பாதியில் நின்ற வீட்டு வேலை: பில்டரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கிழக்கு லண்டனில் உங்கள் வீட்டுச் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்ட ஒரு பில்டரோடு 48,000 பவுண்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். இதுவரை 30,000 கொடுத்தாயிற்று. கூரை போட்டதோடு வேலை நின்று ஏழு வாரம் ஆகிறது. முடிக்க வேண்டிய தேதி தாண்டி ஐந்து வாரம். இன்னும் 10,000 கொடுத்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. மீதி வேலைக்கு வேறொரு பில்டர் 34,000 கேட்கிறார். போதாததற்கு, கட்டிய பகுதியின் உள்கூரை வரைபடத்தில் உள்ளதைவிட 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கொடுத்த 30,000, புது ஆளுக்கான 34,000 இரண்டையும் வாங்கலாமா, சமையலறைச் சாமான் அடைந்து கிடப்பதால் வாடகைக்கு விட முடியாமல் போன மாடி அறையின் மாதம் 900 பவுண்டு கிடைக்குமா, மன உளைச்சலுக்கு ஏதாவது உண்டா, இல்லாவிட்டால் கோர்ட் மூலம் பழைய ஆளையே கட்டி முடிக்க வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: நாளைக்கே அவரை விலக்கிவிட்டுப் புது ஆளை இறக்கலாமா? மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இதைப் பொறுத்துத்தான் அமையும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே சாலிசிட்டராக ஒப்பந்தத் தகராறுகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். சொல்லப்போவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் வீடு இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்குத் தொடரும் காலக்கெடுவே அங்கே வேறு. உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை, பில்டர் தரப்பு என்ன சொல்லும் என்றும் கேட்கவில்லை. அதனால் எங்கே உறுதியாகப் பேசுகிறேன், எங்கே ஊகிக்கிறேன் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு கேட்கும் உரிமை எப்போதும் உண்டு. ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளும் உரிமை சில மீறல்களுக்குத்தான் உண்டு. அதற்கு மீறல் கனமானதாக இருக்க வேண்டும். 1876-இல் அருகருகே தீர்ப்பான இரண்டு பாடகர் வழக்குகளைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். பூசார் என்ற பாடகி உடல்நலமில்லாமல் முதல் சில நாள் நிகழ்ச்சிகளுக்கு வர முடியவில்லை. கம்பெனி வேறு ஆளை வைத்துக்கொண்டது சரி என்றார்கள். பெட்டினி என்ற பாடகர் ஒத்திகை நாட்களைத்தான் தவறவிட்டார். அவரை நீக்கியது தவறு என்றார்கள். 1962-இல் பதிவான ஹாங்காங் ஃபிர் வழக்கில் இது இன்னும் தெளிவானது. இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்த கப்பல், இஞ்சின் கோளாறாலும் திறமையற்ற ஆட்களாலும் பல வாரங்கள் பழுதுபார்ப்பில் கிடந்தது. பொறுக்க முடியாமல் வாடகைக்கு எடுத்தவர்கள் ஒப்பந்தத்தை முறித்தார்கள். மீதிக் காலத்துக்குக் கப்பல் பயன்பட்டிருக்கும், ஒப்பந்தத்தின் பலன் பெரும்பாலும் கையைவிட்டுப் போய்விடவில்லை, ஆகவே முறித்தவர்கள்தான் மீறியவர்கள் என்று தீர்ப்பு வந்தது. உங்களுக்கு உள்ள ஆபத்து இதுதான். அவசரப்பட்டு விலக்கினால், நீங்களே ஒப்பந்தத்தை மீறியவராகி, தனக்குப் போன லாபத்தை அவர் உங்களிடம் கேட்கும் நிலை வரலாம். இப்படித் திரும்பிய வழக்குகளை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உங்கள் பில்டர் செய்தது கனமான மீறலா? ஐந்து வாரத் தாமதம் மட்டும் என்றால் எனக்குச் சந்தேகம்தான்; வீட்டு வேலையில் தாமதம் சகஜம் என்று நீதிபதிக்கும் தெரியும். ஆனால் அந்த வாட்ஸப் செய்தி வேறு விஷயம். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் அட்டவணை இருந்து, அதன்படி இப்போது 10,000 தர வேண்டியதில்லை என்றால், அதைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்பது ஒப்பந்தத்தைச் செய்ய மறுப்பதற்குச் சமம். மறுப்பு தெளிவாக இருந்தால் முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வருகிறது. அட்டவணைப்படி அந்தப் பணம் வர வேண்டியதுதான் என்றால் கதை தலைகீழ்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் புது ஆளை உள்ளே விடாதீர்கள். தனிப்பட்ட ஒரு பில்டிங் சர்வேயரை வரவழைத்து, இன்றைய தேதியில் வேலை எந்த நிலையில் நிற்கிறது, எது தவறு, முடிக்க எவ்வளவு ஆகும் என்று படங்களோடு எழுதி வாங்குங்கள். புது பில்டர் ஒரு சுவரை இடித்துவிட்டால் அப்புறம் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. பிறகு பழையவருக்கு ஒரு கடிதம். 10,000 ஏன் தர வேண்டியதில்லை, எந்தெந்த வேலை பாக்கி, எந்தத் தேதிக்குள் வந்து தொடங்க வேண்டும் என்று எழுதி, 14 நாள் போன்ற நியாயமான அவகாசம் கொடுங்கள். அதற்குள் வராவிட்டால் ஒப்பந்தத்தைச் செய்ய மறுப்பதாக எடுத்துக்கொண்டு முடித்துக்கொள்வோம் என்றும் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலேயே முடித்துக்கொள்ளும் முறை எழுதியிருந்தால் அதை வரிக்கு வரி பின்பற்றுங்கள். கெடு தாண்டியதும் இரண்டாவது கடிதம்: முடித்துக்கொள்கிறோம். இதை மனதுக்குள் தீர்மானித்தால் போதாது, அவருக்குத் தெரிவிக்க வேண்டும். முடித்துக்கொண்டாலும் ஒப்பந்தம் ஆதியிலிருந்தே இல்லாமல் போய்விடாது. அதுவரை சேர்ந்த உரிமைகள் அப்படியே நிற்கும் என்பது 1980-இல் பதிவான ஜான்சன் எதிர் அக்னியூ வழக்கிலிருந்து ஐயமற்ற சட்டம்.

இனிப் பணக் கணக்கு. அடிப்படை விதியை நீதிபதி பார்க் 1848-இல் ராபின்சன் எதிர் ஹார்மன் வழக்கில் சொன்னார்: ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, பணத்தால் முடிகிற அளவுக்கு அந்த நிலையில் உங்களை வைக்க வேண்டும். அந்த நிலையைவிட மேலே ஏற்றுவது சட்டத்தின் வேலை அல்ல. மீறியவருக்குத் தண்டனையும் கிடையாது. அவர் எவ்வளவு மோசமாக நடந்துகொண்டார் என்பதால் தொகை கூடாது. ஒப்பந்தம் நடந்திருந்தால் 48,000 செலவழித்து முழுச் சமையலறையோடு இருந்திருப்பீர்கள். இப்போது 30,000 கொடுத்தாயிற்று, இன்னும் 34,000 கொடுத்தால் அதே சமையலறை. மொத்தம் 64,000. வித்தியாசம் 16,000. உங்கள் வழக்கின் மையத் தொகை இதுதான். 30,000-ஐயும் 34,000-ஐயும் சேர்த்து 64,000 கிடைத்தால் சமையலறை உங்களுக்கு இலவசம் ஆகிவிடும் அல்லவா? அதை எந்த நீதிபதியும் தரமாட்டார்.

கொடுத்த 30,000-ஐ மட்டுமாவது முழுதாகத் திரும்பக் கேட்கலாமே என்றால், கொடுத்த பணத்துக்கு ஒன்றுமே கிடைக்காதபோதுதான் அந்த வழி சுலபமாகத் திறக்கும். உங்களுக்கு அஸ்திவாரமும் சுவரும் கூரையும் கிடைத்திருக்கின்றன. மறுபக்கம், செய்த வேலைக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர் எதிர்வழக்குப் போட்டால் பயப்பட வேண்டாம். 1898-இல் சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் வழக்கில் 565 பவுண்டு ஒப்பந்தத்தில் சுமார் 333 பவுண்டு வேலையைச் செய்துவிட்டு, பணமில்லாமல் விட்டுப்போன பில்டருக்குக் கட்டிய வேலைக்கான மீதித் தொகை கிடைக்கவில்லை. இடத்தில் விட்டுச்சென்று உரிமையாளர் பயன்படுத்திக்கொண்ட பொருட்களுக்கு மட்டும் கிடைத்தது. வேலை ஏறக்குறைய முடிந்திருந்தால்தான் குறைகளைக் கழித்து மீதி விலை கிடைக்கும். அந்த 'ஏறக்குறைய' எங்கே நிற்கிறது என்பதற்கு 1972-இன் போல்ட்டன் எதிர் மகாதேவா நல்ல அளவுகோல்: 560 பவுண்டுக்கு வீட்டுக்கு வெப்பமூட்டும் அமைப்பு போட்டார்கள், வீடு சரியாகச் சூடாகவில்லை, புகை நெடி வேறு, சரிசெய்ய 174 பவுண்டு. போட்டவருக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. ஒன்று கவனியுங்கள்: இவை மொத்தத் தொகை ஒப்பந்தங்கள். உங்களுடையது கட்டம் கட்டமாகப் பணம் தருவது என்றால், முடிந்த கட்டத்துக்கான பணம் அவருக்குச் சேரும்.

8 சென்டிமீட்டர் விஷயத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தர முடியவில்லை. இடித்துக் கட்டும் செலவைக் கேட்கலாம் என்று புது பில்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கென்ட்டில் ஒருவர் தன் நீச்சல் குளம் 7 அடி 6 அங்குலம் ஆழம் இருக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டிருந்தார். கட்டி முடித்தபோது ஆழமான இடத்தில் 6 அடி 9 அங்குலம்தான். குதிக்கிற இடத்தில் 6 அடி. குளம் பாதுகாப்பாகவே இருந்தது, வீட்டின் மதிப்பும் குறையவில்லை. இடித்துத் திரும்பக் கட்ட 21,560 பவுண்டு. அன்றைக்கு இங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1995-இல் ரக்ஸ்லி எதிர் ஃபோர்சித் வழக்கில் அந்தச் செலவைத் தர மறுத்து, விரும்பியது கிடைக்காத குறைக்கு விசாரணை நீதிபதி கொடுத்திருந்த 2,500 பவுண்டை நிலைநிறுத்தியது. கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டால் சரிசெய்யும் செலவு பொருத்தமில்லாமல் பெரிதாக இருந்தால் அது கிடைக்காது. உங்கள் 8 சென்டிமீட்டரால் கட்டட விதிமுறைச் சான்றிதழ் கிடைக்காமல் போனாலோ, கதவு ஜன்னல் பொருந்தாமல் போனாலோ அது வேறு வழக்கு. அப்போது சரிசெய்யும் செலவையே கேளுங்கள். பார்வைக்குத் தாழ்வாகத் தெரிகிறது என்பதோடு நின்றால் சில ஆயிரங்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தவறாகச் செய்த சேவையைத் திரும்பச் செய்து தரும்படி கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பும் கேட்கலாம். ஆனால் ஒரே குறைக்கு விலைக் குறைப்பு, இழப்பீடு என்று இரண்டு தடவை வாங்க முடியாது.

மாடி அறை வாடகைதான் சட்டப்படி சுவாரசியமானது. எந்த இழப்பு கிடைக்கும், எது தொலைதூர இழப்பு, அதாவது மீறலோடு நெருங்கிய தொடர்பில்லாதது, என்று தள்ளப்படும் என்பதற்கு எல்லோரும் போய் நிற்கும் வழக்கு 1854-இன் ஹாட்லி எதிர் பாக்சென்டேல். குளோஸ்டரில் ஒரு மாவு மில்லின் சுழல்தண்டு உடைந்தது. புதிதுக்கு மாதிரியாக அதை கிரீனிச்சில் இருந்த இஞ்சினியர்களுக்கு அனுப்ப வேண்டும். கொண்டுபோன சரக்கு நிறுவனம் தாமதம் செய்தது, மில் கூடுதல் நாட்கள் மூடிக் கிடந்தது. அதனால் போன லாபத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. மில்லிடம் வேறு தண்டு இருக்கலாம், ஒரு தண்டு தாமதமானால் மில்லே நிற்கும் என்பது சரக்குக்காரர் இயல்பாக நினைக்கக்கூடியது அல்ல என்றார்கள். மீறலால் இயல்பாக விளைகிற இழப்பு, ஒப்பந்தம் போடும்போதே இருவர் மனதிலும் இருந்ததாகக் கொள்ளக்கூடிய இழப்பு, இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். 1949-இல் விக்டோரியா லாண்ட்ரி வழக்கில் பாய்லர் தாமதமானதால் வழக்கமான வியாபார லாபம் கிடைத்தது. விற்றவருக்குத் தெரியாத, வழக்கத்தைவிட அதிக லாபம் தரும் அரசு ஒப்பந்தங்களின் நஷ்டம் கிடைக்கவில்லை. ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அறையை வாடகைக்கு விடப்போகிறோம், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் பில்டரிடம் சொன்னீர்களா? ஒரு மின்னஞ்சல் வரி இருந்தாலும் போதும். பிறகு சொன்னது உதவாது.

ஆனால் அதற்கு முன்பே ஒரு சிக்கல் இருக்கிறது. தாமதமானால் வாரத்துக்கு 200 பவுண்டு தருவார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதாகக் கூடவே எழுதியிருக்கிறீர்கள். அது தண்டத் தொகை, செல்லாது என்று அவர் வாதிட்டால் பெரும்பாலும் எடுபடாது. 2015-இல் உச்ச நீதிமன்றம் பார்க்கிங்ஐ வழக்கில், செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தைத் தாண்டி 56 நிமிடம் வண்டியை நிறுத்தியவருக்குப் போட்ட 85 பவுண்டைச் செல்லும் என்றது. பாதுகாக்க நியாயமான நலன் இருக்கிறதா, தொகை அதற்கு மிதமிஞ்சியதா என்பதே சோதனை. வாரம் 200 அதில் தேறிவிடும். சிக்கல் உங்கள் பக்கம்தான்: தாமதத்துக்கு என்று ஒரு தொகையை இருவரும் ஒத்துக்கொண்டுவிட்டால், பொதுவாகத் தாமதத்துக்கு அது மட்டும்தான். அதற்குமேல் வாடகையும் கேட்க முடியாது. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் நாள் வரை அந்த வாரத் தொகை ஓடும், அதற்குப் பிறகு வரும் தாமதத்துக்குப் பொதுவான இழப்பீடு என்று 2021-இல் டிரிபிள் பாயின்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக, இதுவரைக்கும் வாரம் 200. முடித்துக்கொண்ட பிறகு, புது ஆள் முடிக்க நியாயமாக ஆகும் காலத்துக்கு வாடகை, அதுவும் முந்தைய பத்தியின் சோதனையில் தேறினால். கணக்குப் போட்டால் மாதம் 900-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பேன்.

மன உளைச்சலுக்கு ஒப்பந்தச் சட்டம் கை இறுக்கமானது. 1909-இன் ஆடிஸ் வழக்கிலிருந்து பொது விதி, கிடையாது என்பதே. மகிழ்ச்சியை விற்கிற ஒப்பந்தம் விதிவிலக்கு: 1973-இல் சுவிட்சர்லாந்து விடுமுறை பாழாய்ப்போன ஜார்விஸ் என்பவருக்கு, அவர் கட்டிய 63 பவுண்டுச் சொச்சத்துக்கு 125 பவுண்டு கொடுத்தார்கள். வீடு கட்டும் ஒப்பந்தம் அந்த வகையில் சாதாரணமாகச் சேராது. உங்களுக்குப் பயன்படுவது 1991-இன் வாட்ஸ் எதிர் மாரோ. தவறான சர்வே அறிக்கையை நம்பி வீடு வாங்கி, பழுதுபார்க்கும் வேலைக்கு நடுவே வாழ்ந்த தம்பதிக்கு, உடல்ரீதியான அசௌகரியத்துக்கும் அதோடு வந்த மன வருத்தத்துக்கும் ஆளுக்கு 4,000 என்று விசாரணை நீதிபதி கொடுத்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் 750 ஆகக் குறைத்தது. சமையலறை இல்லாமல் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்தீர்கள் என்பதை அப்படிக் கேளுங்கள். எவ்வளவு வரும் என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறும். பெரிய தொகை வராது என்பது மட்டும் நிச்சயம்.

வழக்குப் போட்டு அவரையே கட்டி முடிக்க வைக்கலாம் என்று திருநெல்வேலியில் வக்கீலாக இருக்கும் உங்கள் மாமா சொன்னார் என்கிறீர்கள். அவர் அங்கிருந்து பார்க்கிறார்; இந்தியாவில் 2018-இன் திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி உத்தரவிடுவதில் நீதிமன்றத்தின் விருப்புரிமை வெகுவாகச் சுருங்கிவிட்டது. இங்கே அது இன்னும் விதிவிலக்குதான். நிலம், வீடு விற்பனையில் சாதாரணமாகக் கிடைக்கும். பணத்தால் ஈடுகட்ட முடிகிற இடத்திலும், நீதிமன்றம் தொடர்ந்து மேற்பார்வை பார்க்க வேண்டிய வேலையிலும் கிடைப்பது அரிது. ஷெஃபீல்டில் சேஃப்வே சூப்பர் மார்க்கெட்டைக் குத்தகைக் காலம் முடியும்வரை நடத்தும்படி கட்டாயப்படுத்த முடியாது, இழப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று 1997-இல் பிரபுக்கள் சபை சொன்னது. குத்தகையில் நடத்தியே ஆகவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தும்கூட. நுகர்வோர் சட்டத்தின் திரும்பச் செய்து தரும் உரிமை இருக்கிறதே என்றால், காகிதத்தில் இருக்கிறது. கோபத்தோடு கோர்ட் உத்தரவுக்காக வந்து ஒருவர் பூசுகிற சுவரில் நீங்கள் அலமாரி மாட்டுவீர்களா?

இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு கொட்டேஷனை வைத்து 34,000 என்று நிற்காமல் இன்னும் இரண்டு வாங்குங்கள். பழைய ஒப்பந்தத்தில் சாதாரண மேடை என்றிருக்க, புதியதில் கிரானைட் போட்டால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, வென்றால் பணம் வருமா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அந்த மனிதரா, அவருடைய லிமிடெட் கம்பெனியா? கம்பெனி என்றால், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகக் கணக்குகளைப் பார்க்கலாம். சொத்தில்லாத கம்பெனிக்கு எதிரான தீர்ப்பு, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். இயக்குநரின் வீட்டை அது தொடாது. 10,000 வரைதான் ஸ்மால் கிளைம்ஸ் என்ற சிறு தொகை வழக்குகளுக்கான எளிய தடம். உங்களுடையது 16,000-க்கு மேல் என்பதால் அடுத்த தடம், கோரும் தொகையில் 5 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், அதாவது 800-க்கு மேல். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் சேரும். வழக்குக்கு முன் முறையான கோரிக்கைக் கடிதம் கட்டாயம். வழக்குப் போடும் காலக்கெடு, ஒப்பந்த மீறல் நடந்ததிலிருந்து 6 வருடம், ஆகவே அதில் அவசரம் இல்லை. முதல் தவணையை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கி பொறுப்பேற்குமா என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு 30,000 பவுண்டு வரையான விலைக்குத்தான், உங்கள் ஒப்பந்தம் 48,000, எனவே அந்தக் கதவு மூடியிருக்கிறது.

அந்தப் பணம் செலுத்தும் அட்டவணையின் வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். பெயர், விலாசம் எதுவும் வேண்டாம். 10,000 கேட்டது சரியா தவறா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவரை வாட்ஸப்பில் அவருக்கு எந்தப் பதிலும் போடாதீர்கள், குறிப்பாக 'இனி நீங்கள் வரவே வேண்டாம்' என்று.